பிள்ளைகளின் முன்னெழுத்து

வருவான், வராமல் எங்கே போய்விடப் போகிறான், வக்கீலம்மாவிடம் போனில் "கண்டிப்பா வந்துர்றேன் மேடம்" என்று குழைந்தவன்தானே என்று நினைத்தபடி செண்பகவல்லி வக்கீல் வீட்டு வாசல் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். நகர்ந்தும் அந்த வாடை விடவில்லை. எதிரே பரோட்டாக் கடையில் மத்தியானத்துக்கான சால்னா இப்போதே கொதிக்க ஆரம்பித்திருந்தது. பட்டையும் சோம்பும் இஞ்சியும் கலந்து வரும் அந்த வாசனைக்கு ஒரு காலத்தில் இவளுக்கும் எச்சில் ஊறியிருக்கிறது. இன்றைக்கும் ஊறியது, கசப்பாக, தொண்டைக்குழி வரைக்கும் ஏறி வந்து நின்றது. சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டால் மட்டும் ஆயிற்றா, மசாலாவுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்றுதானே மூக்கு தேடுகிறது. உலகத்தில் மசாலா எதற்காக உண்டாயிற்று என்று இவளைக் கேட்டால் சொல்வாள். சீ, அதை விடு, வந்த காரியத்தைப் பார். வந்த காரியம் சின்னதுதான். இளவேனில், நிகிலன் என்று இரண்டு பிள்ளைகள். அவர்கள் பெயருக்கு முன்னால் தகப்பன் தர்மராஜின் 'த' நிற்கிறது. அதை எடுத்துவிட்டு இவள் பெயரின் 'செ'யை வைக்க வேண்டும். அம்மாவின் எழுத்தைப் போடுவதற்கு அரசாங்கத்தில் இடம் இருக்கிறது, ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கிறபோது அவன் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுளுவாக முடியும், இல்லையென்றால் கோர்ட்டு, வாய்தா என்று இழுத்தடிக்கும் என்று வக்கீலம்மா ஜெபராணி சொல்லிவிட்டார். இழுக்க நேரமில்லை. இளவேனில் பத்தாவது படிக்கிறாள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து போய்விடும். அதில் போகிற பெயர்தான் மார்க் ஷீட்டில் வரும், மார்க் ஷீட்டில் வந்ததுதான் காலேஜில், வேலையில், கல்யாணப் பத்திரிகையில், சாகிறவரைக்கும். "அதுக்குள்ள மாத்திக் குடுத்துருங்கம்மா, அப்புறம் என் கையில இல்ல" என்று தலைமையாசிரியை சொன்னபோது இவள் முகத்தைப் பார்க்கவில்லை, இவள் கைப்பையைப் பார்த்துத்தான் சொன்னார். இப்போதெல்லாம் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம் போலிருக்கிறது.

தர்மராஜ் என்று பெயர் வைத்தவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் அள்ளிப் போட வேண்டும். கோழி மொத்த வியாபாரம் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள், வெள்ளைச் சட்டையில் சுருக்கம் இல்லாமல் வந்து உட்கார்ந்து காபியை ஊதி ஊதிக் குடித்தான், நகங்களெல்லாம் வெட்டிச் சுத்தமாக இருந்தன, கோழிக்காரன் கை இவ்வளவு சுத்தமா என்று இவளுக்கே ஆச்சரியம். பிறகுதானே தெரிந்தது, தொட்டால்தானே கை அழுக்காகும், இவன் எதையும் தொட்டதே இல்லை, ஆள் வைத்துச் செய்தான். கோடையில் பண்ணைகளில் கோழிகள் சூடு தாங்காமல் சுருண்டு விழும், சீக்கு வந்தாலும் விழும், பண்ணைக்காரர்கள் குழி வெட்டிப் புதைப்பார்கள். புதைக்க வேண்டியதை இவன் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டு வந்தான். உரித்து, மஞ்சள் தடவி, ஐஸில் போட்டு, ஓட்டலுக்கும் விசேஷ வீட்டுச் சமையல்காரர்களுக்கும் அனுப்பினான். எத்தனை வருஷம்? இந்த ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு, எத்தனை கிடாவெட்டுக்கு மறுநாள் கறிவிருந்து, இவளே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எத்தனை பந்தியில் உட்கார்ந்து எழுந்திருப்பாள், பக்கத்து இலையில் எத்தனை பேர் எலும்பைக் கடித்துக்கொண்டு நல்லா இருக்குல்ல என்று சொல்லியிருப்பார்கள். போன சித்திரையில் ஒரு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டவர்கள் சாயங்காலமே கொத்துக் கொத்தாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லாரும் ஒரு வழியாகத் திரும்பி வந்தார்கள், காது குத்திய குழந்தையைப் பெற்றவள் மட்டும் வரவில்லை. பேப்பரில் அந்தக் குழந்தையின் படம் வந்திருந்தது. மொட்டைத் தலை, சந்தனம், குத்திய இடத்தில் சிவந்து வீங்கின காது, யார் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு கை. அந்தப் பேப்பரை இவள் மடித்துப் பரண்மேல் போட்டாள், அப்புறம் எடுத்து எரித்தாள், எரித்த பிறகும் அந்தக் காது போகவில்லை. அதைவிட, சொல்லப்போனால் அதைவிடக் கேவலம் இன்னொன்று இருக்கிறது, அதை நினைத்தால் ஓங்கரிப்பே வந்துவிடும். வீட்டுக்கு மட்டும் அவன் நாட்டுக்கோழி கொண்டு வருவான். உயிரோடு, காலைக் கட்டி, வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, படபடவென்று அடித்துக்கொண்டே வந்து சேரும். "கடைக்கறி நமக்கெதுக்கு செண்பகம், புள்ளைகளுக்குச் சூடு" என்பான். இவளும் அதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள், எங்க வீட்ல கடைக்கறியே வாங்கறதில்ல அக்கா, புள்ளைக மேல அவ்வளவு உசுரு. உசுரு! தன் பிள்ளைகள் வாயில் எது போகக்கூடாது என்று அவனுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தான் என்று சொல்லவும் ஒரு சந்து விடவில்லை, படுபாவி.

"யம்மா, இங்கன வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று உள்ளேயிருந்து டைப்பிஸ்ட் சங்கரன் கூப்பிட்டார். மனுவைக் காட்டினார், வக்கீலம்மா சொன்னபடி, இவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற மாதிரி 'இ. செண்பகவல்லி' என்று அடியில் அடித்திருந்தது, அதற்கு மேலே போட வேண்டும். இவள் பேனாவை வாங்கினாள், அந்தக் கோழிச் சாக்குகளைப் பற்றி நினைத்துக்கொண்டேதான் போட்டாள், போட்டுவிட்டு நிமிர்ந்தால் சங்கரன் சிரிக்கிறார். "என்னம்மா இது, எந்த எழுத்து வேண்டாம்னு மனுப் போடுறீங்களோ அதையே எழுதி வச்சிருக்கீங்க!" குனிந்து பார்த்தாள். 'த. செண்பகவல்லி'. அழகாக, தயக்கமே இல்லாமல், 'த'வுக்குப் பின்னால் ஒரு புள்ளி வேறு. பாங்கில், ரேஷன் கடையில், பிள்ளைகளின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் என்று இத்தனை வருஷம் போட்டுப் போட்டுக் கை தானாகவே அந்த எழுத்தில் போய் விழுகிறது, புத்தி ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தாலும் கைக்கு அது கேட்பதில்லை. அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை என்று தெரியும், இருந்தும் துடைத்தாள். "பரவால்ல விடுங்க, வேற தாள்ல எடுத்துத் தாரேன்" என்றவர், தாளை மாற்றிக்கொண்டே, "நான் ஒண்ணு சொல்றேன் தப்பா நெனைக்காதீங்க. 'செ'ங்கிறத விட உங்க அப்பா எழுத்து, 'இ'ன்னு போட்டுட்டா பாக்கறவங்களுக்குக் கௌரவமா இருக்கும்ல. பொம்பள பேரு எழுத்துன்னா, என்ன ஏதுன்னு நாலு பேரு கேப்பான்" என்றார். மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இ. இசக்கிமுத்து. இவளைப் பெற்ற அப்பா. போலீஸ் வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. "மாப்பிள்ளை என்ன கொலையா பண்ணிட்டாரு? எவன் இன்னைக்குக் கலப்படம் பண்ணாம பொழைக்கிறான்? பால்ல பண்ணல? எண்ணெயில பண்ணல? கொஞ்ச நாள் வாயடக்கிக் கெட, ஊரு மறந்துரும்." கொலைதானேப்பா என்று இவள் சொன்னாள். சத்தம் வெளியே வந்ததா இல்லையா என்று இன்றுவரை சந்தேகம். ராத்திரி அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள், மாப்பிள்ளை போன வாரம் அனுப்பினது, ஐஸ் பெட்டியில் இருந்தது என்றாள். வீணாகப் போய்விடக் கூடாதாம். அந்த வீட்டு எழுத்தையா கொண்டுபோய்ப் பிள்ளைகள் தலையில் வைப்பது. "இல்லண்ணே, 'செ'ன்னே இருக்கட்டும்" என்றாள். புதுத் தாளில் 'இ'யைப் போட்டுக் கையெழுத்திடும்போது அதுவும் வாயில் ஏதோ ஊசிப்போனதை வைத்த மாதிரிதான் இருந்தது, ஒருவன் எழுத்தை உரித்துப் போட்டால் அடியில் இன்னொருவன் எழுத்து இருக்கிறது, தனக்கென்று இருப்பது செண்பகவல்லி மட்டும்தான், அதையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

மறுபடி பெஞ்சுக்கு வந்தாள். இன்னும் வரவில்லை. பரோட்டாக் கடையில் மாவை அடித்து வீசுகிறார்கள், தொப் தொப் என்று கல்லில் விழுகிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் 'த. இளவேனில்' என்று கூப்பிட்டதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாக, கொக், கொக்கொக் என்பாளாம், அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும் ஆரம்பித்துவிடுவார்களாம். இதை இளவேனில் சொல்லவில்லை, சொல்கிற பிள்ளையாக இருந்தால் பரவாயில்லையே, நிகிலன்தான் யாரிடமோ கேட்டு வந்து சொன்னான், அவனையும் விளையாட்டுப் பீரியடில் செத்தகோழி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதை அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான், பழகிவிட்டது, அது ஒரு பிள்ளைக்குப் பழகக்கூடிய விஷயமா. இளவேனில் முட்டை தொடுவதில்லை, சாப்பாட்டு டப்பாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், குழாயடியில் அவள் குந்தி உட்கார்ந்து டப்பாவை மோந்து பார்ப்பதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், அப்போது நெஞ்சு என்ன பாடு பட்டது என்று யாருக்குத் தெரியும். ஆனால் அதே பிள்ளை அன்றைக்கு ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள், இடமிருந்து வலமாக, கடைசியில் ஒரு சுண்டு, அச்சு அசல் அவன் துடைக்கிற மாதிரி. ஒரு நொடி இவளுக்குத் தன் மகள்மேலேயே அருவருப்பு வந்தது. வந்ததே! பெற்ற பிள்ளையைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த நொடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, என்னம்மா என்னம்மா என்று அவள் கேட்கக் கேட்க ஒன்றுமில்லடி என்று சொன்னாள். எழுத்தை மாற்றலாம், இந்தத் துடைப்பை எங்கே கொண்டுபோய் மாற்றுவது, எந்த வக்கீல் மனுப் போடுவார். மூக்கு அவன் மூக்கு, தூங்கும்போது வாயைக் கோணுவது அவன் கோணல், சோற்றிலிருந்து பள்ளிக்கூடச் செருப்பு வரைக்கும் அந்தச் சாக்கு மூட்டைகளிலிருந்து வந்தது, அதைத் தின்றுதானே பிள்ளைகளின் எலும்பு வளர்ந்திருக்கிறது, இவளுடைய இந்தச் சேலையும் அதில் வந்ததுதான். நேற்று நிகிலன், "அப்பா எழுத்த எடுத்துட்டா அப்பா நமக்கு யாரும்மா?" என்று கேட்டான். சாப்பிடு, ஆறிப் போகுது என்று சொன்னாள். வேறு என்ன சொல்வது. யாருமில்லை என்றால் பொய், அப்பா என்றால் அதைவிடப் பொய். ஒன்று மட்டும் தெரியும், டீச்சர் 'செ. இளவேனில்' என்று கூப்பிடும்போது பின்பெஞ்சுக்காரிகள் ஒரு கணம் யாரது என்று முழிப்பார்கள், அந்த ஒரு கணம் போதும். காலேஜுக்கு வேறு ஊருக்குப் போனால் எல்லாக் கணமும் அந்தக் கணம்தான். அங்கே அவள் யார் வீட்டுப் பெண் என்று எவனுக்கும் தெரியாது, அங்கே அவள் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஜாமீனில் வந்து ஆறு மாசமாகிறது, இளைத்திருப்பான் என்று நினைத்தாள், இல்லை, கன்னம் ஊதியிருந்தது. அதே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, அக்கா வீட்டில் இருக்கிறான் என்று கேள்வி, நன்றாகத்தான் போடுகிறாள் அக்கா. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, பெஞ்சில் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். செண்ட் வாசனை. அதற்கும் அடியில் என்ன என்று இவள் மூக்கு தேடியது, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செண்பகம், சாப்டியா? மெலிஞ்சிட்டியே."

அவன் மறுப்பான், கையெழுத்துக்குப் பேரம் பேசுவான், சாட்சி சொல்லாதே என்பான், வீட்டை எழுதிக் கொடு என்பான், அதற்கெல்லாம் என்னென்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு சேர்த்து வைத்திருந்தாள், ஒவ்வொரு வார்த்தையும் வாயில் தயாராக இருந்தது. வக்கீலம்மா கூப்பிட்டதும் அவன் எழுந்து போனான், காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை, "எங்க மேடம், இங்கயா?" என்று கேட்டுப் போட்டுவிட்டான். மூன்று இடத்தில் போடச் சொன்னார்கள், மூன்றிலும் போட்டான். "புள்ளைக நல்லாருந்தா சரி மேடம்" என்றான். வக்கீலம்மாவே கொஞ்சம் அசந்துபோனார். சீல் வைத்துத் தருகிறேன், வெளியில் இருங்கள் என்றார். இவளுக்கு அந்தத் தயார் வார்த்தைகளெல்லாம் வாய்க்குள்ளேயே ஊறி நாறின. ஒருவேளை, ஒருவேளை மனுஷனுக்குத் தன் பெயரே தனக்கு அருவருத்துவிட்டதோ, ஜெயிலில் அந்தக் காது இவனுக்கும் தெரிந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு, சின்னதாக, வெட்கம்கெட்டு எட்டிப் பார்த்தது. வாசலுக்கு வந்ததும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு நெருங்கி நின்றான்.

"நல்ல யோசனை செண்பகம், எனக்கே இது தோணல பாரு. கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், பத்து வருஷம் ஓடும். என் பேருல இனிமே லைசென்ஸ் தர மாட்டான். அக்கா பேருல எடுத்துக்கிடுவோம். சாத்தூர் ரோட்டுல எடம் பாத்தாச்சு. 'செ. இளவேனில் சிக்கன் சென்டர்'னு போர்டு. 'த' இருந்தாத்தான பய மோப்பம் புடிப்பான்? இது யாரு கடைன்னு எவனுக்குத் தெரியும்? எம்புள்ள பேரு ராசியான பேரு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்."

புறங்கையால் வாயைத் துடைத்து, கடைசியில் ஒரு சுண்டு சுண்டினான். இவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்க் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். கிழித்தால் இந்த மாதக் கடைசியில் பட்டியலில் 'த'தான் போகும், மகளோடு சாகிறவரை கூடவே வரும். கிழிக்காவிட்டால் இவள் எழுத்து, எவனும் தொடாத அந்த ஒரே எழுத்து, செத்த கோழிகளுக்கு மேலே போர்டில் ஏறி விளக்குப் போட்டு நிற்கும், அதை நம்பி ஒருத்தி கறி வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு ஊட்டுவாள், இன்னொரு காது பேப்பரில் வரும், அன்றைக்கு 'செ'யைக் கேட்டு எவள் கொக்கரிப்பாள்? சும்மா இருந்தால் போதுமாம். அதைத்தானே எல்லாரும் கேட்கிறார்கள், அப்பாவும் இதையேதான் கேட்டார், ஊர் மறந்துவிடும் என்றார். ஊர் மறக்க வேண்டும் என்றுதானே இவளும் இந்த ஆறு மாசமாக முக்காட்டைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாக நடந்தாள். மறந்தால் இவனுக்குத்தான் லாபம். பிள்ளைகளின் எழுத்து சுத்தமாக இருக்க வேண்டுமானால் இவன் பெயர் நாறிக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் மறக்காமல் இருக்க வேண்டும், அதற்கு யாராவது வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். யார் சொல்வார்கள்? புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இவர்கள் வீடுகளில் கிடையாது, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூடச் சொன்னதில்லை, போலீஸ் கேட்டபோதுகூட அடையாள அட்டையைத்தான் நீட்டினாள்.

படியிறங்கித் தெருவைத் தாண்டினாள். பரோட்டாக் கடைக்கு முன்னால் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் நின்ற ஆள், "என்னம்மா வேணும்?" என்றார்.

"அண்ணே, அந்தா வக்கீல் வீட்டு வாசல்ல நிக்கான் பாருங்க, வெள்ளச் சட்டை. அவன் பேரு தர்மராஜ்." வாய் கூசியது, நாக்கில் மயிர் ஒட்டியதுபோல இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. "காதுகுத்து வீட்டுக்குச் செத்த கோழி குடுத்தானே, அந்தத் தர்மராஜ். நான் அவன் பொண்டாட்டி. சாத்தூர் ரோட்டுல எம்புள்ள பேரப் போட்டுக் கடை தெறக்கப் போறான். வாங்கிராதீங்க. யாரும் வாங்கிராதீங்க."

டீக் கிளாஸ்கள் அப்படியே நின்றன. "ஏய், கிறுக்கி!" என்று அவன் தெருவுக்கு ஓடிவந்தான். "வாய மூடு. புள்ளைகளுக்குத்தான்டி அசிங்கம். அதுக முகத்த நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் வகுப்பில் கொக்கொக் இன்னும் சத்தமாகக் கேட்கும், இளவேனில் சாயங்காலம் வந்து ஏன்மா இப்படிச் செய்தாய் என்று கேட்பாள், கேட்காமல் டப்பாவைத் தேய்த்தால் அது இன்னும் மோசம். வக்கீல் வீட்டுப் படியில் சங்கரன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யம்மா, சீல் வச்சாச்சு, வந்து வாங்கிக்கிடுங்க" என்று கூப்பிட்டார்.

"இருங்கண்ணே, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மளிகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார், இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்புகிறவரைக்கும் நின்றாள். பிறகு, "அவன் பேரு தர்மராஜ்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.